மருந்துக் கடைக்குப் போகுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கமுந்திங்கில் தாமான் வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி, ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் இரண்டு வாழை. கொஞ்சம் கையிருப்பு இருந்தவர்கள் உள்ளே தள்ளி இரண்டு, மூன்று ஏக்கர் செம்பனை வாங்கிப் போட்டிருப்பார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பல குடும்பங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் விவசாயம் இவ்வளவுதான். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. செடி வாடினால், இலை சுருண்டால், காயைப் பிளந்தால் புழு நெளிந்தால் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த மருந்து வாங்குவது என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பூச்சி மருந்து பூஞ்சணத்தை (ஈரத்தில் பூத்துப் பரவும் காளான் இனம்) ஒன்றும் செய்யாது. பூஞ்சண மருந்து அடித்தால் புழு அசையக்கூட அசையாது. செடிக்கு வரும் நச்சுயிரி நோய்க்கோ (வைரஸ் கிருமியால் வருவது) கடையில் மருந்தே கிடையாது. யார் செய்த வேலை என்று தெரியாமல் வாங்கிய மருந்து, பெரும்பாலும் காசுக்கும் உடம்புக்கும் கேடு.

சரி, யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில், வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள். இலையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் முக்கியம். பூச்சிகளில் பாதி அங்கேதான் குடியிருக்கும். இலையில் ஓட்டை விழுந்திருந்தால் கடித்துத் தின்னும் புழுவோ வண்டோ நத்தையோ வந்து போயிருக்கிறது. ஓட்டை இல்லாமல் இலை சுருண்டு சுருங்கியிருந்தால் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. வட்ட வட்டமாகப் புள்ளி விழுந்து, நடுவில் காய்ந்து, ஓரத்தில் மஞ்சள் படர்ந்தால் பூஞ்சணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கிளை, ஓர் இலை என்றில்லாமல் செடி முழுவதும் தலை சாய்ந்தால் வேரில் கோளாறு. பகலில் ஒன்றுமே கண்ணில் படவில்லையா? இரவு டார்ச் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். நத்தை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

மிளகாய் இலை சுருள்கிறதே என்பது எல்லார் வீட்டிலும் கேட்கும் புலம்பல். இதில் ஓர் எளிய அடையாளம் உண்டு. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி ஆகியிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன் (சாறு உறிஞ்சும், ஊசி முனையளவு பூச்சி). ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலைக்காம்பு நீண்டு, குருத்து தடித்துப்போயிருந்தால் சிலந்திப் பேன் (எட்டுக் கால் கொண்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயிர்). சந்தேகம் தீர ஒரு வெள்ளைத் தாளைக் குருத்துக்குக் கீழே பிடித்து, குருத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழும் தூசியில் வெளிர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ மெல்லிய கோடுபோல் ஏதாவது நகர்ந்தால் அது இலைப்பேன்.

இந்த வித்தியாசம் தெரிந்து என்ன பயன்? நிறைய இருக்கிறது. சிலந்திப் பேன் பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கென்று விற்கும் மருந்துகளில் பல அதைக் கொல்லாது. அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த வேறு பூச்சிகளைத்தான் கொல்லும். பிறகு பார்த்தால் சிலந்திப் பேன் முன்னைவிடக் கூடியிருக்கும். அதற்கு நனையும் கந்தகத் தூள் போதும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், மாலையில் அடியுங்கள். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் கேட்கும். அதன் அளவைக் கீழே சொல்கிறேன்.

இலை சுருண்டதோடு மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, செடியும் வளராமல் குட்டையாக நின்றால் அது நச்சுயிரி. அசுவினியோ வெள்ளை ஈயோ பக்கத்துச் செடியிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கும். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் அதை வைத்துக் காப்பாற்ற முயலும் ஒவ்வொரு வாரமும் மற்றச் செடிகளுக்கு நோயைப் பரிமாறிக்கொண்டிருக்கிறீர்கள்.

நேற்று வரை பச்சையாக நின்ற செடி, இன்று நண்பகலில் தொங்கிப்போய்விட்டது. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. இது என்ன?

மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றுக்கும் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் வரும் பெரிய வியாதி இது: பாக்டீரியா வாடல் (மண்ணில் வாழும் கிருமி தண்டுக்குள் புகுந்து தண்ணீர்க் குழாயை அடைப்பது). உறுதி செய்ய ஆய்வுக்கூடம் தேவையில்லை. செடியின் அடித்தண்டில் விரல் நீளம் வெட்டி எடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் லேசாக முங்கும்படி பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து வெள்ளை நூல்போல் பால் கசிந்து கீழே இறங்கினால் அதுதான். அந்த நூலில் இருப்பதெல்லாம் கிருமி. நூல் வரவில்லை என்றால் வேர் அழுகலோ தண்டுத் துளைப்பானோ இருக்கலாம், தண்டைப் பிளந்து பாருங்கள்.

இதற்கு மருந்து உண்டா? இல்லை. கடைக்காரர் எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். செடியை வேர் மண்ணோடு தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடவேண்டாம். அந்தக் கிருமி மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே அதே இடத்தில் மறுபடி மிளகாய், கத்தரி, தக்காளி எதுவும் வேண்டாம். வெண்டை, பயற்றங்காய், சோளம் வைக்கலாம். மிளகாய்தான் வேண்டும் என்றால் பாலிபேக்கில் வேறு மண் போட்டு, தரையில் படாமல் செங்கல் மேல் வையுங்கள். தோண்டிய மண்வெட்டியையும் காலணியையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகக்கூடாது.

ஒட்டுப்போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. வேலியோரம் தானாக முளைக்கும் சுண்டைக்காய்ச் செடி இந்த வாடலை நன்றாகவே தாங்கும். அதன் அடித்தண்டில் கத்தரியையோ தக்காளியையோ ஒட்டி வளர்க்கிறார்கள். வத்தக்குழம்புக்கு மட்டும் என்று நாம் நினைத்த செடிக்கு இப்படி ஒரு வேலையும் இருக்கிறது.

இனி மழை. தைப்பிங் வட்டாரம் தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் இடம், கமுந்திங் அதை ஒட்டியே இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். புக்கிட் லாருட் பக்கம் மேகம் இறங்கினால் பின்னேரம் மழை என்பது உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டு யூடியூப் பார்த்து விவசாயம் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அங்கே தண்ணீர் இல்லாததுதான் கவலை. இங்கே இலை காய்வதே இல்லை என்பதுதான் கவலை.

அதனால் எனக்கு என்ன? பூஞ்சணத்தின் விதைத்தூள் இலையில் விழுந்தால் மட்டும் நோய் வராது. இலை பல மணி நேரம் நனைந்தே கிடக்கவேண்டும், அப்போதுதான் அது முளைத்து உள்ளே இறங்கும். எனவே இலையைச் சீக்கிரம் காயவைக்க நீங்கள் செய்யும் எதுவும் மருந்துக்குச் சமம். செடிக்குச் செடி தாராளமாக இடம் விடுங்கள். அடிக்கிளைகளைக் கழித்துவிடுங்கள். பாத்தியை ஒரு முழம் உயர்த்துங்கள். மாலையில் தலைவழியே தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டு, காலையில் வேரடியில் ஊற்றுங்கள். மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது மண்ணில் இருக்கும் கிருமி அடி இலைக்கு ஏறுகிறது, அதைத் தடுக்க வைக்கோலோ காய்ந்த புல்லோ மண்ணின் மேல் பரப்புங்கள். மிளகாய்ப் பழத்தில் குழி விழுந்து, வட்டத்துக்குள் வட்டமாகக் கருப்புத் தெரிகிறதா? அது பழ அழுகல் நோய். அந்தப் பழத்தைச் செடியிலோ செடிக்கு அடியிலோ விடாதீர்கள். அந்தப் பழத்தின் விதையையும் அடுத்த நடவுக்கு எடுக்காதீர்கள், விதை வழியே நோய் கூடவே வரும். மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை போட முடிந்தால் பாதித் தொல்லை தீரும்.

வாழை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். தார் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், காயை வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக அழுகியிருக்கும். மரத்தை வெட்டினால் சிவந்த நீர் கசியும். இது வாழை இரத்த நோய் (பாக்டீரியாவால் வரும் அழுகல்). மலேசியாவில் பல இடங்களில் வாழையை அழித்திருக்கிறது. கிருமியைச் சுமப்பது பெரும்பாலும் இரண்டு பேர். ஒன்று, வாழைப்பூவுக்கு வரும் பூச்சி. இன்னொன்று, உங்கள் பாராங் கத்தி.

தடுப்பது எப்படி? கடைசிச் சீப்பு வெளிவந்ததும் பூவைக் கையால் ஒடித்துவிடுங்கள். கத்தி வேண்டாம். பூ இல்லையென்றால் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை, உங்களுக்கும் கூட்டு, வடை ஆயிற்று. எப்படியும் சமைக்கத்தான் போகிறோம், பத்து நாள் முன்னாலேயே பறித்துக்கொள்ளலாம். ஒரு வாழையை வெட்டிய கத்தியை, ஒரு பங்கு குளோரோக்ஸும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்த வாளியில் முக்கி எடுத்த பிறகுதான் அடுத்ததை வெட்டவேண்டும். நோய் கண்ட தூரிலிருந்து கன்று எடுத்து அண்ணன் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் கொடுக்கிற நல்ல மனசைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது செம்பனைக்கு வருவோம். பேராக்கில் செம்பனை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய எதிரி கூட்டுப்புழு (இலைத் துணுக்குகளைப் பட்டு நூலால் கோத்து, அந்தப் பைக்குள்ளேயே வாழும் புழு). ஓலையின் அடியில் காய்ந்த சுள்ளித் துண்டுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். முழுதாக வளர்ந்த பையே ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் தீயில் வாட்டியதுபோல் பழுப்பேறித் தெரியும். அப்படித் தெரிந்தபோது ஏற்கெனவே தாமதம்.

எவ்வளவு நட்டம் வரும்? ஓலையில் பாதி போனால், அடுத்த இரண்டாண்டு விளைச்சலில் 40 விழுக்காட்டுக்கு மேல் குறையலாம். மரம் சாகாது. ஆனால் குலை வராது. இதனால்தான் 2013இல் அரசாங்கம் இந்தப் புழுவைத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் 1976இன் கீழ் ஆபத்தான பூச்சி என்று அறிவித்தது. அதாவது உங்கள் நிலத்தில் வந்தால் அது உங்கள் சொந்தப் பிரச்சினை மட்டும் இல்லை. கட்டுப்படுத்தும் கடமை நில உடைமையாளருக்கு உண்டு.

அது எப்படி இத்தனை தூரம் பரவுகிறது? பெண் பூச்சிக்குச் சிறகே கிடையாது. பையை விட்டு வெளியே வராமலே முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் ஆளுக்கொரு நூலை விட்டுத் தொங்கி, காற்றில் பறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். முட்டை முதல் முட்டை வரை ஏறத்தாழ மூன்று மாதம். இந்தக் கணக்கு உங்களுக்கு மிகவும் தேவை. ஏனென்றால் மருந்து கேட்பது குஞ்சாக இருக்கும்போதுதான். பை தடித்த பிறகு மருந்து உள்ளே இறங்காது.

உடனே அடித்துவிடலாமா? முதலில் எண்ணுங்கள். நடுப்பகுதியில் இருந்து ஓர் ஓலையை வெட்டி இறக்கி, இரண்டு பக்கமும் உயிருள்ள புழு எத்தனை என்று பாருங்கள். பையை நசுக்கினால் ஈரமாக இருந்தால் உயிர், வெறும் கூடாக இருந்தால் செத்தது. சிறிய வகைக் கூட்டுப்புழு ஓர் ஓலைக்குப் பத்துக்கு மேல் போனால்தான் நடவடிக்கை தேவை. அதற்குக் கீழே இருந்தால் அதைத் தின்ன ஆள் இருக்கிறது, அவர்களை வேலை செய்ய விடுங்கள்.

இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நம் தோட்டங்களிலேயே நடந்த கதை இது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் மலாயாச் செம்பனைத் தோட்டங்களில் டிடிடி, டைல்ட்ரின், என்ட்ரின் போன்ற, நெடுநாள் சிதையாமல் நிற்கும் விஷங்களை அடித்தார்கள். சின்னச் சின்னப் பூச்சித் தொல்லைக்காகத்தான் அடித்தார்கள். அதன்பிறகுதான் கூட்டுப்புழு மூண்டெழுந்தது. பிரையன் உட் என்ற பூச்சியியலாளர் தோட்டம் தோட்டமாகப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார்: புழுவுக்குப் பைக்குள் பாதுகாப்பு இருந்தது, புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகளோ திறந்தவெளியில் பறந்தன. விஷத்தில் செத்தது குளவி. தெளிப்பதை நிறுத்திய இடங்களில் புழு தானாக அடங்கியது. அவர் 1968இல் எழுதிய புத்தகம், செம்பனைப் பூச்சிகளைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் தொட்டுச் செல்லும் புத்தகம்.

அந்தக் குளவிகள் இன்றும் உங்கள் நிலத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு உணவு பூந்தேன். அதனால்தான் பெரிய தோட்டங்களில் சாலையோரம் மஞ்சள் பூப்பூக்கும் செடிகளும், கொடிரோஸும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அழகுக்கு வைத்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் இரண்டு ஏக்கரிலும் வரப்போரம் வைக்கலாம். வழியோரப் புல்லையெல்லாம் களைக்கொல்லி அடித்துச் சுடுகாடு மாதிரி சுத்தமாக வைப்பதைப் பெருமை என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. குளவிக்கு அங்கே சோறு கிடையாது.

எண்ணிக்கை பத்தைத் தாண்டினால்? பிடி பாக்டீரியா மருந்து (புழுவின் வயிற்றுக்குள் போனால் மட்டும் கொல்லும், மண்ணிலிருந்து எடுத்த ஒருவகை நுண்ணுயிர்) முதல் தேர்வு. குளவியையும் தேனீயையும் அது தொடாது. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதற்காக 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்ன வண்டையும் தொடாது. அந்த வண்டு இல்லாவிட்டால் மறுபடி ஆள் வைத்து மரம் மரமாக மகரந்தம் தூவவேண்டியதுதான். வெயில் பட்டால் இந்த மருந்தின் வீரியம் குறையும், மழை பட்டால் கழுவிப்போகும். மழை இல்லாத மாலைப்பொழுதாகப் பார்த்து, புழு குஞ்சாக இருக்கும்போது அடியுங்கள். உங்கள் பக்கத்து நிலத்துக்காரரையும் அதே வாரம் அடிக்கச் சொல்லுங்கள். தனியாக அடித்தால், காற்றில் வரும் நூல் உங்களிடம் அனுமதி கேட்காது.

இளங்கன்றில் குருத்து ஓலை கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் விரிகிறதா? அது காண்டாமிருக வண்டு. தென்னையிலும் இதே அடையாளம்தான். வண்டைத் தேடி மரம் ஏறுவதைவிட, அது பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். மட்கும் பழைய மரத்துண்டு, சாணிக்குவியல், உரக்குழி, இவற்றில் வெள்ளையாக, கட்டைவிரல் தடிமனில், வளைந்து படுத்திருக்கும் புழுதான் நாளைய வண்டு. கிளறி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். பழைய மரத்தை எரித்துவிடலாமே என்று கேட்பீர்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். மரத்தை மெல்லிய துண்டாகச் சீவிப் பரப்பினால் சீக்கிரம் காய்ந்து மட்கிவிடும், வண்டுக்கு முட்டையிட இடம் இருக்காது. வீட்டுத் தென்னங்கன்றுக்கு, குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் வேப்பம் பிண்ணாக்கையும் மணலையும் கலந்து போட்டு வையுங்கள்.

இந்த வண்டுக்கும் ஒரு எமன் உண்டு, அதைக் கண்டுபிடித்ததும் மலேசியாவில்தான். 1963இல் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிஞர் இங்கே இந்த வண்டைத் தாக்கும் நச்சுயிரியைக் கண்டார். 1967இல் அதைப் பசிபிக் கடலில் இருக்கும் சமோவாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தென்னையை அழித்துக்கொண்டிருந்த வண்டு அடங்கியது.

செம்பனை அடியில் மரப்பட்டையை ஒட்டித் தட்டுபோல் காளான் முளைத்திருந்தால் அதற்குப் பெயர் அடித்தண்டு அழுகல் (கானோடெர்மா என்ற காளானால் வருவது). விரியாத குருத்து இரண்டு மூன்று நிமிர்ந்து நிற்கும், கீழ் ஓலைகள் பாவாடைபோல் தொங்கும். காளான் வெளியே தெரிந்தபோது உள்ளே பாதியாவது அழுகியிருக்கும். குணப்படுத்த மருந்து இல்லை. மண் அணைத்தால் சில ஆண்டு கூடுதலாகக் காய்க்கும், அவ்வளவே. மறுநடவின்போது பழைய அடிக்கட்டையையும் வேரையும் விடாமல் தோண்டி எடுப்பதுதான் அடுத்த தலைமுறை மரத்துக்குக் காப்பு. பால்மரத்தில் வரும் வெள்ளை வேர் நோய்க்கும் இதே கதைதான், பழைய கட்டையிலிருந்துதான் அடுத்த மரத்துக்குப் போகும்.

எலிக்கு ஆந்தைக் கூடு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. ஒரு வெண்ணாந்தைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும். ஆனால் ஆந்தையை வைத்துக்கொண்டு எலி விஷமும் போட்டால், விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, மருந்து அடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இப்போது போத்தலைக் கையில் எடுங்கள்.

முதலில் பதிவு எண். மலேசியாவில் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு பூச்சி மருந்துக்கும் எல்ஆர்எம்பி என்று தொடங்கும் எண் லேபிளில் இருக்கவேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974இன்படி அதுதான் முறை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று எண் இல்லாத மருந்தை வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

அடுத்து, லேபிளின் அடியில் ஓடும் வண்ணப் பட்டை. கருப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அதற்கு அடுத்தது சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் வெள்ளை. வீட்டுக் கொல்லைக்குக் கருப்பும் சிவப்பும் தேவையே இல்லை. மஞ்சளுக்கும் யோசியுங்கள்.

மூன்றாவது, அறுவடைக் காத்திருப்பு (மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கு). ஏழு நாள் என்று போட்டிருந்தால் ஏழு நாள். வெண்டைக்காய்க்கும் பயற்றங்காய்க்கும் இதுதான் சிக்கல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கும் காய்க்கு ஏழு நாள் எப்படிப் பொறுப்பது? பொறுக்க முடியாதென்றால் அந்த மருந்து அந்தக் காய்க்கு ஆகாது என்று அர்த்தம்.

பழைய மருந்து வீட்டில் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா? பெயரைப் பாருங்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் முற்றாகத் தடை. கார்போஃபுரான் குருணையும் குளோர்பைரிஃபாஸும் 2023 மே முதல் விவசாயத்துக்குத் தடை. பாராகுவாட்டுக்கு விஷமுறி மருந்தே கிடையாது, ஒரு மிடறு உயிரை எடுக்கும். அதைச் சோடா போத்தலில் ஊற்றி வைத்த வீடுகளில் என்ன நடந்தது என்று தோட்டத்தில் பிறந்தவர்களிடம் கேளுங்கள், ஒருவராவது ஒரு பெயரைச் சொல்வார். எந்த மருந்தையும் வேறு போத்தலுக்கு மாற்றவே கூடாது.

இந்தப் பாராகுவாட் தடைக்குப் பின்னால் நம் பெண்களின் உடம்பு இருக்கிறது. தோட்டங்களில் முதுகில் பம்பு சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பகுதி தமிழ்ப் பெண்கள். தெனகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் வலையமைப்பும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பெண்களின் தலைசுற்றல், மூச்சுத்திணறல், கண் எரிச்சல், தோல் நோய் எல்லாவற்றையும் பதிவு செய்தது. அதே 2002இல் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் தளர்த்தியது. முழுத்தடை வர இன்னும் 14 ஆண்டு ஆனது. அந்தத் தாமதத்தைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

ஆகவே நீங்கள் அடிக்கும்போது: முழுக்கைச் சட்டை, நீண்ட கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி. துணிக் கைக்குட்டை முகமூடி ஆகாது, நனைந்தால் அது விஷத்தை மூக்கோடு சேர்த்து வைக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசவேண்டும். அடைத்துக்கொண்ட முனையை வாயால் ஊதவே கூடாது, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். முடித்ததும் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு, வெற்றிலை, சிகரெட் எல்லாம். அந்த உடுப்பைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம். வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் கூடவே எடுத்துக்கொண்டு தைப்பிங் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருத்துவருக்கு உங்கள் விளக்கத்தைவிட லேபிள்தான் உதவும்.

இயற்கை மருந்து என்றால் பயமில்லைதானே? பெரும்பாலும் ஆம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி சோப்பு, இதுதான் நான் சொன்ன கரைசல். முதலில் ஓர் இலையில் அடித்து மறுநாள் பாருங்கள், கருகவில்லை என்றால் மற்ற இலைக்கும் அடிக்கலாம். சோப்பு கூடினால் இலை வெந்துபோகும். வேம்பு ஒரே நாளில் கொல்லாது, பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் கெடுக்கும். ஒரு வாரம் பொறுங்கள். மழை பெய்தால் திரும்ப அடிக்கவேண்டும். ஆனால் புகையிலை ஊறிய தண்ணீர் வேண்டாம். தாத்தா காலத்து முறைதான், இருந்தாலும் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். இயற்கையில் விளைந்தது என்பதால் அது மென்மையாகிவிடாது.

பாகற்காயில் புழு வைக்கிறதே? அது பழ ஈ. பிஞ்சு விரல் அளவில் இருக்கும்போதே பழைய நாளிதழைக் கூம்பாகச் சுற்றி மூடிவிடுங்கள். மா, கொய்யாவுக்கும் இதே வைத்தியம்தான். எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது. மெத்தில் யூஜினால் பொறி (ஆண் ஈயை வாசனை காட்டி இழுக்கும் மருந்து) மா, கொய்யாவுக்கு வரும் ஈயைப் பிடிக்கும். பாகற்காய் ஈ வேறு இனம், அந்த வாசனைக்கு வராது. எந்த ஈக்கான பொறி என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து மல்லிகைக் கன்று, வாழைக் கிழங்கு, எலுமிச்சைக் கன்று என்று பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடம் உண்டு. இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளின் மூதாதை பிரேசில் நாட்டு மரம். அங்கே அந்த மரத்தை அழிக்கும் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்து சேரவில்லை, அதனால்தான் மலாயாவில் ரப்பர் தழைத்தது. அதே நோயால் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் 1928இல் தொடங்கிய பெருந்தோட்டம் மண்ணோடு மண்ணாகப் போனது. நம் பாட்டன்கள் சீவிய பால்மரம் நின்றதே ஒரு நோய் கப்பலேறாததால்தான்.

கறிவேப்பிலைக்கும் இதில் பங்கு உண்டு. அதன் குருத்தில் சாறு உறிஞ்சும் ஒரு சின்னத் தத்துப்பூச்சி, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு மஞ்சள் குருத்து நோயைப் பரப்பும் பூச்சி. வீட்டில் லீமாவ் மரம் இருந்தால் கறிவேப்பிலையை அதை ஒட்டி வைக்கவேண்டாம். பறவை எச்சம் போன்ற புழு கறிவேப்பிலையில் இருந்தால் பயப்படாதீர்கள், அது வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்துப் போட்டால் போதும்.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் யாரைக் கேட்பது? காய்கறி, பழத்துக்கு மாவட்ட விவசாயத் துறை அலுவலகம். செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கு மலேசிய செம்பனை வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள், அவர்களின் வேலையே ஆலோசனை சொல்வதுதான், கட்டணம் இல்லை. பால்மரத்துக்கு ரிஸ்டா அலுவலகம். வெறுங்கையோடு போகாதீர்கள். முழுதாகச் செத்த இலையைக் கொண்டுபோனால் அவர்களாலும் சொல்ல முடியாது. பாதி நன்றாகவும் பாதி நோயாகவும் இருக்கும் இலை அல்லது தண்டு நாலைந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் வேர்க்கவிடாமல் நாளிதழில் சுற்றுங்கள். செடி முழுவதும் தெரிய ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம், வேர் தெரிய ஒரு படம் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதலில் கேட்கப்போவது அதைத்தான்.